குப்பை வண்டி வரலையா?

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் யாரும் உடனே நம்புவதில்லை. மின்விசிறி இன்வெர்ட்டரில் ஓடுவதால் அது நின்று காட்டிக்கொடுக்காது. இன்வெர்ட்டர் 'பீப்' என்று ஒரு முறை கத்தும், அவ்வளவுதான். அந்த 'பீப்'பைத் துரையும் கத்துவான். அதே சுருதி, அதே நீளம். அதனால் சத்தம் கேட்டதும் யாராவது ஒருவர் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்போம். உள்ளே விளக்கு எரிந்தால் கத்தியது துரை. அவன் ஹால் மூலையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவன் மாதிரி வேறு பக்கம் பார்ப்பான்.

துரை ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. உடம்பெல்லாம் சிமெண்ட் நிறம், வால் மட்டும் குங்குமச் சிவப்பு. அவனையும் சேர்த்து வீட்டில் இருபத்து மூன்று பேர். பட்ஜி பன்னிரண்டு, காக்டெயில் என்கிற கொண்டைக் கிளி ஐந்து, ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் நான்கு, அல்வா என்று பேர் வைத்த சன் கோன்யூர் (மஞ்சள் கிளி) ஒன்று. மனிதர்கள் நான்கு பேர்தான்: நான், கணவர், பத்தாவது படிக்கும் மகன், மாமியார். நங்கநல்லூரில் கீழ்த்தளம், மேலே மொட்டை மாடி. பெரும்பான்மை யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை.

பேர் விஷயத்தை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நம்ம ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று எல்லோரும் சொல்வது உண்மையில் பட்ஜி. ஆஸ்திரேலியாக்காரர். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, வால் குட்டையாக, முகம் ஆரஞ்சாக இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல கடைக்காரர்களே 'ஆப்பிரிக்கன்' என்று முன்னால் ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பழைய தையல் மிஷின் ஒன்று தேடிப் போன என் கணவர், மகனுக்கென்று அட்டைப் பெட்டியில் ஒரு ஜோடி 'லவ் பேர்ட்ஸ்' வாங்கி வந்தார். தையல் மிஷின் இன்றுவரை வாங்கவில்லை.

மாமியாருக்கு ஆரம்பத்தில் துளியும் பிடிக்கவில்லை. "பறக்கற ஜீவனைக் கூண்டுல வெச்சா குடும்பத்துக்கு ஆகாதும்மா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அந்தக் கேள்வி இன்றும் எனக்குள் தீர்ந்த பாடில்லை. பின்பக்க வராண்டா முழுவதையும் வலையடித்து அவைகளுக்கே விட்டுவிட்டோம். துரையும் அல்வாவும் பகலில் ஹாலில் வெளியேதான் இருப்பார்கள். அவர்கள் வெளியே இருக்கும்வரை ஹால் மின்விசிறி ஓடாது, மே மாதமானாலும் சரி. அப்படியும் அது கூண்டு இல்லை என்று சாதிக்க என்னால் முடியாது. வாங்கியாயிற்று, இவை இந்த ஊரில் வெளியே விட்டால் இரண்டு நாள் தாங்காது, ஆகவே பார்த்துக்கொள்ள வேண்டும். என்னிடம் உள்ள பதில் அவ்வளவுதான்.

காலை ஐந்தே முக்காலுக்கு வராண்டாத் திரையை விலக்குவேன். முதல் வேலை தீனியோ தண்ணீரோ இல்லை, எச்சம். கூண்டுத் தட்டில் முந்தின நாள் செய்தித்தாளை விரித்திருப்போம். அதில் எழுத்தைவிட எச்சத்தைத்தான் நான் கவனமாகப் படிக்கிறேன். பச்சைச் சுருள், அதன்மேல் வெள்ளை, சுற்றிக் கொஞ்சம் ஈரம் என்று மூன்றும் பிரிந்து தெரிந்தால் அந்தப் பறவைக்கு நல்ல நாள். நிறம் மாறினாலோ, தண்ணீராக ஓடினாலோ, விதை செரிக்காமல் முழுசாக வந்திருந்தாலோ அன்றைக்கு எனக்கு ஆபீஸ் ஓடாது. காபி குடித்துக்கொண்டே இதைப் பார்க்கப் பழகிவிட்டேன். விருந்தாளிகள் இருக்கும்போது மட்டும் பேசுவதில்லை.

அடுத்தது தீனிக் கிண்ணம். இதில்தான் புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறுவார்கள், நாங்களும் ஏமாந்தோம். பட்ஜி தினையை அப்படியே விழுங்காது. அலகில் உருட்டி, உமியைக் கழற்றிக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் தின்னும். மாலையில் பார்த்தால் கிண்ணம் நிறைய இருக்கும், ஆனால் எல்லாம் உமி. முதல் வாரம் 'சாப்பிடவே மாட்டேங்குதே' என்று கவலைப்பட்டோம், அவை பசியில் இருந்திருக்கின்றன. மாமியார்தான் ஒரு நாள் கிண்ணத்தை வாங்கி முறத்தில் கொட்டி, இரண்டு தட்டு தட்டினார். உமி பறந்தது, முறத்தில் நின்றது ஒரு ஸ்பூன் தினை. "கிண்ணம் நிறைஞ்சிருக்குன்னு வயிறு நிறைஞ்சிருக்குமா?" என்று கேட்டுவிட்டு முறத்தை அவரே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து புடைக்கும் வேலை அவருடையது. குடும்பத்துக்கு ஆகாது என்ற பேச்சும் அன்றோடு போச்சு.

தினை, சாமை, கம்பு, கொஞ்சம் ஓட்ஸ். சூரியகாந்தி விதை எண்ணித்தான் போடுவேன், அதற்கு அடிமையானால் வேறெதையும் தொடாது, கொழுப்பும் ஏறும். முருங்கைக் கீரை ஒரு கொத்து, கேரட், வேகவைத்த சோளம். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை. கடல் நுரை என்றால் உண்மையில் நுரையில்லை, கணவாய் மீனின் முதுகு ஓடு. செல்லப்பிராணிக் கடையில் அழகான பாக்கெட்டில் விற்பார்கள். அதையே நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார்கள், விலையிலும் பாதிதான்.

தினை வாங்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம்ம பழைய பாட்டுகளில் குறிஞ்சிப் பெண்களுக்குப் பகல் முழுக்க ஒரே வேலை, தினைப்புனத்தில் பரண்மேல் ஏறிக் கிளி ஓட்டுவது. அதற்கென்றே தட்டை, குளிர், தழல் என்று தனித்தனிக் கருவிகள் வைத்திருந்தார்கள். மாமியார் இதை வேறு மாதிரி சொல்வார்: "வள்ளி ஆலோலம் பாடி வெரட்டினா. நீ காசு குடுத்துத் தினை வாங்கிக் கூப்பிட்டு வெச்சுப் போடற."

கூப்பிடாமலும் வருகிறார்கள். புடைத்த உமியை மொட்டை மாடியில் கொட்டுவோம். அதில் மிச்சம் மீதி தினை இருக்கும் என்று ஊர்ப் பச்சைக்கிளிகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு ஏழெட்டு வந்து கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்காரும். கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் போட்டிருந்தால் ஆண், ஆரம் இல்லாதது பெண் அல்லது இளசு. ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர் மாடியில் பலகை பலகையாக அரிசி வைத்து ஆயிரக்கணக்கான கிளிகளுக்குப் படியளந்த கதை சென்னைக்கே தெரியும். எங்களுடையது அதன் முன்னால் தூசு. ஆனாலும் கீழே வராண்டாவில் இருப்பவர்களும் மேலே சுவரில் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தால், பேசுவது ஒரே பாஷையா இல்லையா என்று தோன்றும். இல்லை என்றுதான் நினைக்கிறேன். கீழே இருப்பவை பதில் சொல்வது மாதிரி இருக்கும், மேலே இருப்பவை சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடும்.

மாதத்துக்கு ஒருவராவது கேட்பார்கள்: "இவ்ளோ வெச்சிருக்கீங்க, ஒரு பச்சைக்கிளி வெச்சுக்கலாமே? பேசுமே!" வைத்துக்கொள்ளக் கூடாது. நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சிறை வரைக்கும் போகலாம். கிளி ஜோசியக்காரர்களின் பெட்டிகள் தெருக்களில் அருகிப்போனதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். மீனாட்சி கையிலும் ஆண்டாள் தோளருகிலும் இருக்கும் கிளியை நாம் வீட்டில் வைக்க முடியாது, ஆனால் காங்கோ காட்டுக் கிளியை வைக்கலாம் என்பது கேட்க விசித்திரமாகத்தான் இருக்கிறது. அதற்கும் கணக்கு உண்டு. துரையின் இனம் 2017 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து பிடித்து விற்றே பல இடங்களில் கிட்டத்தட்ட அழித்துவிட்டார்கள். நம் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கும், அதை ஒட்டி 2024இல் வந்த விதிகளுக்கும் பிறகு சைட்டிஸ் பட்டியல்களில் உள்ள பறவை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். துரைக்கும் அல்வாவுக்கும் பதிந்தோம். பட்ஜி, காக்டெயில், எங்களிடம் இருக்கும் 'பீச் ஃபேஸ்' லவ் பேர்ட் மூன்றும் அந்தப் பட்டியல்கள் எதிலும் இல்லை, அவற்றுக்கு இந்தப் பாடு கிடையாது. மகன் ஓடிப்பி வந்ததும் துரையிடம் போய் "உனக்கும் ஆதார் வந்துடுச்சுடா" என்றான். துரை 'பீப்' என்றான்.

போன வருடம் எதிர்வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு விழுந்தது. பாதி ரோமம், பாதித் தோல். எதிர்வீட்டு அக்கா புடவைத் தலைப்பில் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். நாங்கள்தானே கிளிக்காரர்கள். ஒரு ராத்திரி துணிப் பெட்டியில் சூடாக வைத்திருந்து, மறுநாள் காலை கிண்டியில் வனத்துறையிடம் கொடுத்துவிட்டு வந்தோம். மகன் மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பட்ஜிகள் பன்னிரண்டும் சேர்ந்து எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி நாள் முழுக்க ஒரு சலசலப்பு. அதைக் காது விட்டுவிடும். அல்வா அப்படியில்லை. சின்னப் பறவை, அதன் குரல் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். வேலை சம்பந்தமான அழைப்பில் நான் பேச ஆரம்பித்தால் அதற்கு உடனே பேச வேண்டும். எங்கள் மேலாளர் ஒரு முறை, "உங்க வீட்ல யாரோ அழறாங்க போல, போய்ப் பாருங்க" என்றார். இல்லை, அது சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் இதனால் ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அவர் பக்கம்தான் நியாயம். இப்போது மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை வராண்டாவுக்குத் திரை போட்டுவிடுகிறோம், அவர் தூங்குகிறார். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். அவற்றை அவரும் கண்டுகொள்வதில்லை, கிளிகளும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தூரத்தில் ஒரு பருந்து வட்டமடித்தால் போதும், ஒரே நொடியில் இருபத்து மூன்று பேரும் கப்சிப்.

அந்த 'கப்சிப்'தான் இந்த வீட்டில் பயமான விஷயம். கூட்டமாக வாழும் பறவை நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டினால் வேட்டையாடுகிறவன் கண்ணில் அதுதான் முதலில் படும். இங்கே வேட்டைக்காரன் யாரும் இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்? கடைசிவரை நன்றாக இருப்பது போல நடிக்கும், நடிக்கத் தெம்பில்லாமல் போகும்போது நமக்குத் தெரியவரும், அதற்குள் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

இரண்டு பட்ஜிகளை நாங்கள் அதையும்விட முட்டாள்தனமாக இழந்தோம். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோன் எடுக்கப் போய்விட்டேன். அளவுக்கு மீறிச் சூடான அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை நமக்கு லேசான வாடை, அவற்றின் நுரையீரலுக்கு விஷம். அப்போது அவற்றின் கூண்டு சமையலறை ஜன்னலை ஒட்டி இருந்தது. இப்போது வீட்டில் இரும்பு தோசைக்கல் மட்டும்தான். கொசுவர்த்தி கிடையாது, சாம்பிராணி வாசலோடு சரி. போகி அன்று விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வராண்டா ஜன்னலுக்கெல்லாம் ஈரத் துணி கட்டுவோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்து, வீடு முழுக்க இருட்டு. காக்டெயிலுக்கு இருட்டில் திடீரென்று சத்தம் கேட்டால் பேய் பிடித்தது போல ஆகிவிடும். எங்கோ ஒரு தகரம் விழுந்தது. ஐந்தும் கூண்டுக்குள் கண் தெரியாமல் அடித்துக்கொண்டன. டார்ச் அடித்துப் பார்த்தால் சரோஜாவின் இறக்கையில் ரத்தம். வளர்ந்துகொண்டிருக்கும் இறகு ஒடிந்தால் குழாய் உடைந்த மாதிரி ஒழுகும். தொண்ணூறு கிராம் பறவைக்கு உடம்பில் இருக்கும் ரத்தமே இரண்டு ஸ்பூன் தேறாது. கணவர் துண்டால் போர்த்திப் பிடிக்க, நான் சோள மாவை விரலில் தொட்டு அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். துண்டுக்குள் அதன் நெஞ்சு அடித்தது என் விரலில் தெரிந்தது, எண்ண முடியாத வேகம். நின்றது. அதற்கப்புறம் புயல் முடியும் வரை காக்டெயில் கூண்டருகே ஒரு சின்ன எமர்ஜென்சி லைட். எங்களுக்கு மெழுகுவர்த்தி.

ஆனால் நான் சொல்ல வந்தது ராசுவைப் பற்றி.

ராசு ஆண் காக்டெயில். மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. காக்டெயிலில் ஆண்தான் விசிலடிக்கும், பெண் பெரும்பாலும் சும்மா இருக்கும். எங்கள் தெருவில் காலையில் குப்பை வண்டி ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு வரும். அந்தப் பாட்டின் முதல் வரியை ராசு அப்படியே பிடித்துவிட்டான். இரண்டாவது வரி வராது, வண்டி அதற்குள் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுமே. முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடுவான். மாமியார் ஒவ்வொரு முறையும் பச்சை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பாவி, திரும்பவும் ஏமாத்திட்டான்" என்று உள்ளே வருவார். நாளைக்கு மூன்று நான்கு தடவை. முட்டி வலிக்கு இதைவிட நல்ல நடைப்பயிற்சி இல்லை என்பார் என் கணவர்.

இந்த வருடம் பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சாப்பிட உட்கார்ந்தோம். மாமியார் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "ஏம்மா, இன்னிக்குக் குப்பை வண்டி வரலையா?" என்றார்.

வண்டி வந்து போயிருந்தது, நான்தான் பக்கெட்டைக் கொட்டினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. சாதத்தை விட்டுவிட்டு வராண்டாவுக்குப் போனேன். ராசு கம்பத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கொண்டையும் தூக்கியிருந்தது, தீனிக் கிண்ணத்தின் பக்கம் போய் அலகால் கிளறவும் செய்தான். ஆனால் உமி விழவில்லை. கிளறுவதுபோல் பாவனை. காலையில் எச்சத்தை நான் பார்த்தேன்தான், ஐந்தும் ஒன்றாகக் கிடந்த இடத்தில் ஒன்று குறைவதை எப்படிக் கண்டுபிடிப்பேன்?

சமையலறைத் தராசைக் கொண்டுவந்தோம். மைதா நிறுக்க வாங்கிய எலெக்ட்ரானிக் தராசு, அதன்மேல் ஒரு தயிர் டப்பா மூடி. ராசுவுக்கு வழக்கமாகத் தொண்ணூற்று நான்கு கிராம். எண்பத்து மூன்று காட்டியது. பதினொரு கிராம் என்றால் நமக்கு ஒன்றுமே இல்லை. அவனுக்கு எட்டில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட. அறுபது கிலோ ஆள் ஏழு கிலோ இளைத்து நிற்கிற மாதிரி.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில், "நாய், பூனைதான் பாக்கறோம்மா, கிளிக்கெல்லாம் இல்ல" என்று கவுண்டரிலேயே சொல்லிவிட்டார்கள். நான்கு ஃபோன் போட்ட பிறகு, பறவை மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருவர் கிடைத்தார். அவர் ராசுவை உடனே கையில் எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் தள்ளி உட்கார்ந்து, அவன் மூச்சு விடும்போது வால் ஆடுவதையே பார்த்தார். பிறகு எச்சத்தை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். நுண்ணுயிர்த் தொற்று என்றார். மருந்து நாளைக்கு இரண்டு வேளை, ஊசியில்லாத சிரிஞ்சில் அரைக் கோடு. சூடு முக்கியம் என்றார். அட்டைப் பெட்டிக்கு வெளியே பக்கவாட்டில் நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு. அந்தக் குண்டு பல்பைத் தேடி இரண்டு எலெக்ட்ரிக்கல் கடை ஏறி இறங்கினோம், இப்போது எல்லாம் எல்இடிதான். சூடு தராத விளக்கு எங்களுக்கு எதற்கு?

அடுத்த ஒன்பது நாள் வீட்டில் பேச்சு கிராமில்தான். மகன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டி எழுதினான். 83. 81. 81. மூன்றாம் நாள் ராத்திரி நான் தூங்கவில்லை. 82. 82. 84. மருந்து கொடுக்கும் வேலை எனக்கு, அதனால் என்னைக் கண்டாலே அவன் சீறுவான். சீறினால் நல்லது என்று எடுத்துக்கொண்டேன். மாமியார் வெந்த தினையை விரல் நுனியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். என்னிடம் வாங்காதவன் அவரிடம் வாங்கினான். வராண்டாவில் சரோஜா அவன் இருந்த கம்பத்தில் உட்கார்ந்து அவ்வப்போது ஒற்றைக் குரல் கொடுத்தாள். பெட்டியிலிருந்து பதில் வரவில்லை. துரைகூட அந்த நாட்களில் 'பீப்' சொல்லவில்லை என்று மகன் அடித்துச் சொல்கிறான். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை, நான் கவனிக்கும் நிலையில் இல்லை.

எண்பத்தொன்பது தொட்டதும் பெட்டியிலிருந்து கூண்டுக்கு மாற்றினோம். சாப்பிட்டான், குளித்தான், சரோஜாவின் தலையைக் கோதினான். விசில் மட்டும் இல்லை. டாக்டரிடம் கேட்டேன். "வரும், வராமலும் போகும்" என்றார்.

ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை. நான் அழைப்பில் இருந்தேன், அல்வா வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே மெலிசாக, சுருதி கொஞ்சம் இறங்கி, அந்த முதல் வரி. பாதியில் நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

நான் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு எழுவதற்குள், மாமியார் பச்சை பக்கெட்டோடு ஹாலைக் கடந்துவிட்டார். குப்பை வண்டி வந்து போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பக்கெட் காலி, காலையில் அவரேதான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். கேட்டைத் திறந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"பாவி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.